ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

"எட்டுக்கு வராம எங்கே சுத்திண்டிருக்கே, வந்தனா?"

"வந்துண்டுதானே இருக்கேன்! நீ கொஞ்சம் நின்னு பாடேன்."

"தாளம் என்ன ஆட்டோவா, கை காட்டினா நிக்கறதுக்கு?"

மாதுங்காவில் எங்கள் கட்டடத்துக் கீழ் ஹாலில் பஜனை ஒத்திகை. கத்தியவன் அஷ்வத், அணுசக்தி நகரில் வேலை, குழுவின் பாடகன். திருப்பிக் கொடுத்தவள் மூன்றாவது மாடி வந்தனா. மிருதங்கம் கற்க ஆரம்பித்து எட்டு மாதம். வழக்கமாக வாசிக்கும் ஜம்பு கையை உடைத்துக்கொண்டதால் ராம நவமிக்கு இவள் வாசிக்க வேண்டும். சரிவராவிட்டால் மிருதங்க மெஷின் என்று சொல்லியாயிற்று. மிருதங்கத்தை விட்டுவிடக் கூடாதென்று அவள் உயிரைக் கொடுத்துப் பழகினாள்.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. எட்டும் முடிந்தால் ஓர் ஆவர்த்தனம். எண்ணிக்கைகளுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவாக ஓட வேண்டும், அதுதான் காலப்பிரமாணம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கதவைத் திறந்து வைத்துச் சண்டை போட்டால் யாருக்கும் தெரியும்.

வந்தனா ஏழுவரை கச்சிதம். எட்டு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் தாமதம்.

அஷ்வத் பாட்டை நிறுத்தி அவள் உதட்டையே பார்த்தான். நானும் பார்த்தேன், அவன் பார்ப்பதை.

"என்ன முணுமுணுக்கறே? சத்தமா எண்ணு."

"ஜி.டி.பி. நகர், சூனாபட்டி, குர்லா, திலக் நகர், செம்பூர், கோவண்டி, மான்குர்ட்..." மூச்சு விட்டாள். "வாஷி."

தினமும் ஆபீஸ் போகிற ரயில் வழி ஸ்டேஷன்கள்! மான்குர்ட்டுக்கும் வாஷிக்கும் நடுவே அவ்வளவு நீளப் பாலம். மகராசி, சுற்றுக்கு ஒரு தரம் அதைக் கடந்துகொண்டிருக்கிறாள்.

அஷ்வத் சிரிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். "அரே, ஏழு பிசகாம வரதே! அந்தப் பாலத்தை மட்டும் தூக்கிடு."

அடுத்த மூன்று நாளும் லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், கண்ணை மூடிக்கொண்டு, ரயில் எங்கே நின்றாலும் சட்டை செய்யாமல், கைப்பையில் சீராகத் தட்டிக்கொண்டே போனாளாம். கூடப் போகிற ஸ்மிதா சொன்னாள்.

நவமியன்று பாட்டின் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், முதல் எண்ணிக்கை தாண்டி அரை தள்ளி. பதற்றத்தில் அஷ்வத்தே முன்னால் குதித்துவிட்டு முழித்தான். வந்தனா அசையவில்லை. தன் எட்டை அப்படியே ஓட்டி, அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கையில் புருவத்தை உயர்த்தினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறினான். குறை சொல்லவென்று முன்வரிசையில் உட்கார்ந்த நானும் தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன்.

கை சரியாகி வந்த ஜம்பு, பெருந்தன்மையோ பயமோ, கஞ்சிராவை எடுத்துக்கொண்டான். மிருதங்கம் அவளுக்கே என்று ஆனது. தை மாதம் அவளுக்கும் அஷ்வத்துக்கும் கல்யாணம் நடந்து, அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனார்கள். அங்கே பக்கத்து ஸ்டேஷன் மான்குர்ட்; இனி ஆபீஸ் போக அவளுக்கு அந்தப் பாலம் மட்டும்தான் பாக்கி.