பேச்சு வரும் பிள்ளை

டீச்சர் சொன்னதைக் கேட்டதும் அழகுமீனாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வேறு யார் பிள்ளையைப் பற்றியோ தன்னிடம் மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்க எந்தப் பிரீத்திகாவச் சொல்றீக டீச்சர்?"

"எல்.கே.ஜி.ல ஒரே பிரீத்திகாதானக்கா இருக்கா." அருணாதேவி டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுதான் இருக்கும். "ஜூன்ல சேந்ததுல இருந்து ஒரு வார்த்த பேசல. பேரு கூப்பிட்டா கைய மட்டும் தூக்குவா. ஒண்ணுக்கு வந்தாக்கூடச் சொல்றதில்ல, பாவாடையோட போயிர்றா. தப்பா நெனைக்காதீகக்கா. பிள்ளைக்குப் பேச்சு வரும்ல?"

அழகுமீனா திரும்பி மகளைப் பார்த்தாள். பெற்றோர் கூட்டத்துக்கென்று போட்டிருந்த குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க அவள் உட்கார்ந்திருக்க, பிரீத்திகா அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். உதடு இரண்டும் ஒட்டியிருந்தன. வீட்டில் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. தூங்கும்போதுகூட வாய் திறந்தே கிடக்கும் பிள்ளை அது.

நாரணாபுரத்தில் அவர்கள் தெருவில் பிரீத்திகாவுக்கு ரேடியோ என்று பேர். சாயங்காலம் பள்ளி வேனில் இருந்து இறங்கும்போதே பேச்சும் சேர்ந்து இறங்கும். ஒவ்வொரு வாசலாக நின்று, என்ன கொளம்பு, யாரு வந்திருக்கா, ஏன் உங்க வீட்டு ஆடு அளுகுது என்று கேட்டு முடித்துத்தான் வீடு வந்து சேருவாள். அவள் அப்பா பாண்டிமுருகன் லாரி ஓட்டுகிறவன். தீபாவளிக்கு முன்னால் பட்டாசு லோடு, அது முடிந்தால் காலண்டர் லோடு என்று வருஷத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பான். மகள் பேசுவதற்கென்றே ஏதாவது தாபாவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு உம் கொட்டிக்கொண்டிருப்பான். "இவ பேசிட்டான்னா போதும்டீ, அடுத்த நானூறு கிலோமீட்டருக்குத் தூக்கம் அண்டாது" என்பான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அழகுமீனா மகளை மடியில் இழுத்து உட்காரவைத்துக் கேட்டாள். "டீச்சர்ட்ட ஏம்த்தா பேச மாட்டேங்குற?"

"அங்கன நம்ம பேச்சு பேசக் கூடாதும்மா."

"யாரு சொன்னா?"

"பெரிய மேடம். அவுக பேச்சுத்தான் பேசணுமாம். எனக்கு அது தெரியாதுல்ல? அதான் பேசல." இவ்வளவு எளிதான விஷயம் அம்மாவுக்கு விளங்கவில்லையே என்பதுபோல முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டில் பட்டாசு அட்டைப்பெட்டிக்குள் பூனை குட்டி போட்ட கதையை ஆரம்பித்தாள். நாலு குட்டியாம். அதில் ஒன்று மட்டும் கண்ணைத் திறக்கவில்லையாம். ஏனென்றால் அதுக்கு அவுக அம்மா மேல் கோபமாம். அழகுமீனா சத்தம் காட்டாமல் போனை எடுத்து அத்தனையையும் பதிவு செய்துகொண்டாள். என் பிள்ளைக்கா பேச்சு வராது, வந்து கேளுங்கள் என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் அச்சாபீசில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவளுக்குக் காலண்டரின் மேல்பக்கம் தகரப்பட்டை அடிக்கிற வேலை. பன்னிரண்டாம் வகுப்பில் எல்லாப் பாடமும் தேறி இங்கிலீஷில் மட்டும் போனவள் அவள். கூடப் படித்த ஸ்ரீமதி அதே கம்பெனியில் கண்ணாடி ரூமுக்குள் உட்கார்ந்து ஆர்டர்காரர்களிடம் போனில் இங்கிலீஷ் பேசுகிறாள். அழகுமீனாவின் அம்மாவும் இரண்டு அக்காமாரும் விடிந்ததும் பட்டாசுக் கம்பெனி வேன் ஏறுகிறவர்கள். தன் பிள்ளை அந்த வேனில் ஏறக் கூடாது என்பதை, அவள் வயிற்றில் இருக்கும்போதே அழகுமீனா முடிவு செய்துவிட்டாள். அரசுப் பள்ளிக்கூடம் தெருமுனையிலேயே இருந்தும், விஸ்வநத்தத்தில் இருக்கிற இந்தச் சின்ன இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தைத் தேடிப் பிடித்தது அதற்காகத்தான்.

பள்ளிக்கூடம் என்றால் பொன்னுத்தங்கம் மேடத்தின் வீடுதான் அது. கீழே மூன்று அறை வகுப்பு, மாடியில் தகரக் கொட்டகை போட்டு மூன்று வகுப்பு. மேடம் முப்பது வருஷம் வேறு பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துப் பூனைக்கதையை முழுசாகக் கேட்டார். கோபத்தில் கண் திறக்காத குட்டி வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அழகுமீனாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

"கெட்டிக்காரி," என்றார் மேடம். "மூளைக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அம்புட்டும் தமிழ்லயே ஓடுதும்மா. இங்க வந்தா அது நின்னுபோகுது. வீட்ல ஒரு மூணு மாசம் தமிழே பேசாதீங்க. அந்தக் கதவச் சாத்துனாத்தான் இந்தக் கதவு தெறக்கும்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே மேடம்."

"தெரிஞ்சதப் பேசுங்க. கம், சிட், ஈட், ஸ்லீப். பிள்ள பிடிச்சுக்கும்." மேடம் அவள் கையைத் தொட்டார். "எத்தன பிள்ளைகளப் பாத்துட்டேன். பத்தாவது வரைக்கும் நல்லாப் படிக்கும், இங்கிலீஷ்ல போயிரும், அப்புறம் பட்டாசுக்குப் போயிரும். ஒங்க பிள்ளையும் போகணுமா?"

அதற்குமேல் அழகுமீனாவுக்கு என்ன வேண்டும்? அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். ஸ்ரீமதியிடம் கேட்டுக் கேட்டு, தகரம் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே மனப்பாடம் செய்தாள். பக்கெட், ஸ்பூன், பில்லோ. சீப்பைக் கோம்ப் என்று சொல்லப்போய், ஸ்ரீமதி அதைக் கோம் என்று திருத்தினாள். முதல் வாரம் பிரீத்திகாவுக்கு அது விளையாட்டாக இருந்தது. அம்மா ஈட் என்றால் விழுந்து விழுந்து சிரித்தாள். இவளும் சேர்ந்து சிரித்தாள். பாண்டிமுருகனுக்குப் போனில் சொன்னபோது அவனுக்கும் சந்தோஷம். நாக்பூர் குடோனில் ஒரு பில்லைப் படிக்கத் தெரியாமல் இரண்டு நாள் வண்டியோடு வெயிலில் கிடந்ததைத் திரும்ப ஒருமுறை சொன்னான்.

சாமான்களுக்கெல்லாம் இங்கிலீஷில் பேர் கிடைத்துவிட்டது. சோறு வேணுமா என்று கேட்க முடிந்தது. ஏன் வேணாங்கிற என்று கேட்கத் தெரியவில்லை. ஒருநாள் பிரீத்திகா வேனில் இருந்து குதித்து ஓடிவந்தாள். முகமெல்லாம் வேர்வை. "அம்மா, இன்னைக்கு வேன்ல என்னாச்சு தெரியுமா..."

அழகுமீனா உதட்டில் விரலை வைத்தாள். "இங்கிலீஷ்ல சொல்லு."

பிரீத்திகாவின் வாய் திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. உள்ளே எங்கெங்கோ தேடுவதுபோலக் கண் அலைந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டாள். ஷூவைக் கழற்றி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து, உள்ளே போய்விட்டாள். வேனில் என்ன நடந்தது என்பது கடைசிவரை அழகுமீனாவுக்குத் தெரியாமலே போயிற்று.

ஐப்பசிக்குள் வீடு அடங்கிவிட்டது. தெருப் பெண்கள், "ஏத்தா, ரேடியோ ஏன் சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார்கள். "படிப்பு கூடிப்போச்சுல்ல" என்றாள் இவள், கொஞ்சம் பெருமையாகக்கூட. போனில் பிரீத்திகா, "ஹலோ டாடி. ஐ ஆம் ஃபைன்" என்பாள். பாண்டிமுருகன் அங்கே துள்ளுவான். "அப்புறம்? அப்புறம் சொல்லுத்தா" என்பான். "பை டாடி" என்று போனை அம்மாவிடம் நீட்டிவிடுவாள். நாளாவட்டத்தில் அழகுமீனாவுக்கும் பேச்சு குறைந்துபோயிற்று. சமைக்கும்போது ஸ்டவ் எரியும் சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்டது. மகள் ஒரு மூலையில் கலர் அடித்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் அடுத்தவர் வீட்டில் இருப்பவர்கள்போல ஓசைப்படாமல் நடந்தார்கள்.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. காலண்டர் சீசன் என்பதால் அச்சாபீசில் இருந்து வர நேரமானது. தன் அக்கா வீட்டில் விட்டிருந்த பிரீத்திகாவைத் தூங்கியபிறகுதான் தூக்கி வருவாள். ஒருநாள் காலையில் பிள்ளை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே நடக்கிறாள் என்பதை அழகுமீனா பார்த்தாள். உடம்பு சுட்டது. காய்ச்சல் மருந்து கொடுத்தாள். "ஃபீவர்?" என்று கேட்டாள். பிரீத்திகா தலையாட்டினாள். வலிக்கிறதா என்று கேட்க "பெயின்" என்ற வார்த்தை அவளுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. பின்னால் ஸ்ரீமதிதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையணை உறையில் மஞ்சளாக, ஓரத்தில் ரத்தம் கலந்து, உள்ளங்கை அகலத்துக்குக் கறை இருந்தது.

சிவகாசி டாக்டர் பிள்ளையின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எப்ப இருந்து வலிக்குதுடா கண்ணு?"

பிரீத்திகா அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலைத் தூக்கிக் காதில் வைத்து, "இயர்" என்றாள்.

"காதுதான். எப்ப இருந்து? நேத்தா, அதுக்கு முன்னாடியா?"

"இயர்," என்றாள் மறுபடியும்.

"தமிள்ல சொல்லுத்தா." அழகுமீனா அவள் முன்னால் குனிந்து இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். "அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன் தங்கம். டாக்டர்ட்ட நல்லாச் சொல்லு. எப்படி வலிச்சுச்சு?"

பிரீத்திகா அவள் முகத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். இது உண்மையா, திரும்ப விரலை வைத்துவிடுவாளா என்று பார்ப்பது போலிருந்தது. உதடு பிரியவில்லை.

டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார். "இது நாலஞ்சு நாள் வலிம்மா. காது ஜவ்வு ஓட்டையாகி இப்பத்தான் வடிஞ்சிருக்கு. ஆறிரும், பயப்பட வேணாம். ஆனா பெரியாளுகளே ஊரக் கூட்டிருவாங்க. இந்தப் பிள்ள எப்படித்தான் சத்தங் காட்டாம தாங்குச்சோ."

அன்று வீட்டுக்கு வந்ததில் இருந்து அழகுமீனா நிறுத்தாமல் தமிழில் பேசினாள். அச்சாபீசில் நடந்தது, தகரப்பட்டை கையைக் கிழித்தது, பக்கத்து வீட்டுப் பூனை, பெரிதாகிவிட்ட குட்டிகள் என்று என்னென்னவோ சொன்னாள். கண் திறக்காத குட்டி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிரீத்திகா விருந்தாளி மாதிரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஓகே" என்றாள். தண்ணி, சோறு, தூக்கம் என்று தேவைக்கு ஒன்றிரண்டு வார்த்தை திரும்பி வந்தது. கதை வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் போய் நறுக்கென்று கேட்டுவிடுவது என்றுதான் போனாள். வாசலிலேயே பொன்னுத்தங்கம் மேடம் அவளைக் கண்டு எழுந்து வந்தார். "வாங்க வாங்க. சொல்லி விடணும்னு இருந்தேன். நேத்து ஒங்க மக எந்திரிச்சு, மே ஐ கோ டு த ரெஸ்ட் ரூம் மிஸ்னு முழுசாக் கேட்டுட்டா. கிளாஸே கை தட்டுச்சு. நான் சொன்னேன்ல?" மேடத்தின் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. "சரிங்க மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அருணாதேவி டீச்சர் வாசல் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். "அக்கா, கை தட்டுனப்ப அவ ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாக்கா. மேடம் அதக் கவனிக்கல." சுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எனக்கே அம்புட்டு இங்கிலீஷ் வராது. மேடம் மாடிக்குப் போனதும் பிள்ளைககிட்டத் தமிழ்லதான் பேசுவேன். மத்ததுக எல்லாம் பேசுதுக. இவ மட்டும் மேடம் வந்துருவாகளோன்னு வாசலத் திரும்பிப் பாக்குறா."

அன்று போனில் பாண்டிமுருகனிடம், தெருமுனைப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடலாமா என்று கேட்டாள்.

"ஏன்? இப்பத்தான நல்லாப் பேச ஆரம்பிச்சிருக்கா."

"அவ பேசலைங்க."

"இங்கிலீஷ் பேசுறாளே புள்ள."

அங்கே யாரோ ஹாரன் அடித்தார்கள். "லோடு எறக்கிட்டுக் கூப்பிடுறேன்" என்றான்.

தை பிறந்தபிறகு காதை மறுபடி காட்ட டாக்டரிடம் போனார்கள். ஜவ்வு மூடிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது என்றார் டாக்டர். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கூட்டம் அதிகமில்லை. பிரீத்திகாவை ஜன்னல் ஓரம் உட்காரவைத்துவிட்டு அழகுமீனா பக்கத்தில் உட்கார்ந்தாள். முன் சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். அது தாயின் தோளுக்கு மேலாகத் தலையைத் தூக்கி, எச்சில் வழிய, இவர்களையே பார்த்துக்கொண்டு வந்தது. அழகுமீனா களைப்பில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

கொஞ்சதூரம் போயிருக்கும். பக்கத்தில் அசைவு தெரிந்தது. பிரீத்திகா சீட்டில் முட்டிபோட்டு எழுகிறாள். தன் முகத்துக்கு நேரே சின்ன மூச்சு ஒன்று வந்து நின்றதை அழகுமீனா உணர்ந்தாள். அம்மா தூங்குகிறாளா என்று பிள்ளை பார்க்கிறது. அவள் இமை அசையாமல் இருந்தாள். மூச்சு விலகியது.

"பாப்பா," என்றது ரகசியமாக. "ஒனக்குப் பேச வராதா?"

குழந்தை ஏதோ மழலையில் சத்தம் கொடுத்தது.

"எனக்கு வரும். எங்கம்மாட்டச் சொல்லிராத, என்ன?"

அழகுமீனாவின் கை மடியில் கிடந்த மருந்துப்பையை இறுக்கிப் பிடித்தது. குரல் இன்னும் தாழ்ந்து, பிறகு தன்னை மறந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அந்தா பாரு மாடு, அது பஸ்ஸப் பாத்துப் பயப்படாது, ஏன்னா அது பஸ்ஸவிடக் குண்டு. ஒனக்கு எத்தன பல்லு? காட்டு. ஐயோ, ஒண்ணுகூட இல்லியே. அப்ப நீ முறுக்க எப்படித் தின்ப? வார்த்தை வார்த்தையாக வந்துகொண்டே இருந்தது. நாலு மாதமாகக் காணாத அந்தக் குரல் எங்கேயும் போகவில்லை. தன் கண் மூடியிருந்தால் வெளியே வரக்கூடியதாக, பத்திரமாக உள்ளேயே இருந்திருக்கிறது.

பஸ் வேகம் குறைந்தது. "நாரணாபுரம் எறங்குறவுக முன்னாடி வாங்க," என்று கண்டக்டர் சத்தம் போட்டார். யாரோ சாக்கை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். கதவருகே பேச்சுச் சத்தம். கண்டக்டர் இன்னொருமுறை ஊர்ப்பெயரைச் சொன்னார். பிரீத்திகா பாப்பாவிடம் முறுக்கை எப்படி ஊறவைத்துத் தின்பது என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

கண்டக்டரின் விசில் கேட்டது. அழகுமீனா கண்ணைத் திறக்கவில்லை. பஸ் அவர்கள் தெருவைத் தாண்டி, அவள் ஒருநாளும் போயிராத ஊர்களின் பக்கம் மெல்ல வேகமெடுத்தது.