இரண்டாம் நம்பர் பாவைப்பிள்ளை

டுசல்டோர்ஃபிலிருந்து திரும்பி வந்த பாவைப்பிள்ளையின் இடது உள்ளங்காலில் மை இல்லை. இராசலிங்கம் அதைக் குசினி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார். கழுவிவிட்ட பீங்கான் மாதிரி வெறுங்கால்.

மூன்று கிழமைக்கு முதல் அந்த மையை வைத்தது அவருடைய மனைவி கலாதேவி. "தூர இடம் போகுது, நாவூறு பட்டிடும்" என்று, பேரப்பிள்ளைக்கு வைக்கிற அதே மையில் மிளகளவு ஒரு பொட்டு. இராசலிங்கம் தடுக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று, அடையாளத்துக்கும் ஆகும் என்று மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டார்.

இறந்தவர்களின் வீடுகளில் உள்ள சாமான்களை அகற்றி ஒதுக்கிக் கொடுக்கும் பீலெஃபெல்ட் கம்பனி ஒன்றில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. அலுமாரி தூக்கித் தூக்கி முழங்கால் இரண்டும் போய்விட்டன. அப்படி ஒதுக்கிய ஒரு வீட்டில்தான் இந்தப் பாவைப்பிள்ளை கிடைத்தாள். எப்போதோ மூடிப்போன ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் படம் வரைந்த கிழவியின் வீடு. சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்தாள். "குப்பைதானே, கொண்டுபோ" என்றான் முதலாளி. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட உயரம், ஒடுங்கிய இடை, செம்பு நிறத் தலைமயிர், பச்சை மேலங்கி. கடைக்கு வந்த சாமான் அல்ல. கடைக்கு விடலாமா என்று பார்ப்பதற்காகக் கையால் முகம் எழுதிச் செய்த ஐந்து மாதிரிகளில் ஒன்று. இடப்புருவம் வலதைவிட மயிரிழை உயர்ந்திருக்கும். முதுகில் முத்திரை இராது. கழுத்துக்குள்ளே பென்சிலால் ஓர் எண் மட்டும்: இரண்டு. இதெல்லாம் பிறகு விசாரித்து விசாரித்து அறிந்தது. அந்த ருசியில் வேறு முப்பது பொம்மைகளும் சேர்த்துவிட்டார். சிக்கெடுப்பார், சுடுநீரில் தலை கழுவுவார், தோடு பட்டுக் காதில் பிடித்த பச்சைக் கறையைப் பருவுக்குப் பூசும் களிம்பால் எடுப்பார். ஆனால் இவளுக்கு ஈடு இல்லை.

அவளுடைய ரப்பர்க் கழுத்து வெடித்தபோது அவர் கைக்கு அது அடங்கவில்லை. டுசல்டோர்ஃபில் இருக்கும் சிவப்பிரியாவிடம் கொடுத்தார். அவள் ஒரு நாடக அரங்கில் பொம்மைகளுக்கு முகம் எழுதுபவள். வீட்டில் பழைய பாவைப்பிள்ளைகளைத் திருத்துவாள். அவளிடமும் அதே ஐந்தில் ஒன்று உண்டு, நாலாம் நம்பர். ஏதோ ஒரு குழந்தை அதன் தலைமயிரைக் கத்தரித்துவிட்டிருந்தது. "உங்கடயை எனக்குத் தாறியளோ அண்ணை?" என்று இரண்டு தரம் கேட்டும் இருந்தாள்.

கொடுக்கும்போது, வாங்கிக்கொண்டதற்கு ஒரு துண்டு எழுதித் தரச்சொல்லி அவர் கேட்டார். அவள் சிரித்தாள். "எங்கட ஆக்களுக்குள்ள என்னண்ணை பேப்பர்?"

திருப்பித் தரும்போது சொன்னாள்: "செய்த வேலை எல்லாம் எழுதித் தலைக்கு உள்ளுக்கையே வைச்சிருக்கிறன்."

"உள்ளுக்கையோ? ஆர் பாக்கிறது?"

"அடுத்துத் திருத்திற ஆள்."

அப்போது அது தொழில் முறை என்று பட்டது. இப்போது, ஆளை மாற்றிவிட்டு அதை மறைக்கச் சொன்ன கதை மாதிரிப் பட்டது. திறந்து பார்க்க ஏலாத இடத்தில் வைத்த அத்தாட்சி என்ன அத்தாட்சி?

"கேட்டுப் பாருங்கோவன்" என்றாள் கலாதேவி, வெங்காயம் உரித்தபடி.

"கள்ளனிட்டைப் போய்த் திறப்பு எங்கை எண்டு கேக்கிறதோ?"

"உங்களுக்கு ஆரிலைதான் நம்பிக்கை? என்ர சீதன நகையை உரைச்சுப் பாத்த ஆக்கள்தானே."

"அது அண்ணர்."

"நீங்கள் பக்கத்தில நிண்டு எட்டிப் பாத்தனியள்."

அந்தக் கிழமை முழுவதும் வேலையால் வந்ததும் பாவைப்பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். புருவம் உயர்ந்துதான் இருந்தது. ஆனால் முகம் எழுதுகிறவளுக்குப் புருவம் உயர்த்துவது பெரிய வேலையா? உதட்டுச் சிவப்பு முந்தியைவிடக் கடுமையாய்த் தெரிந்தது. பார்க்கப் பார்க்க, முப்பது வருடம் கூட வாழ்ந்தவரின் முகமே அந்நியமாகுமாப்போல ஆயிற்று. போனில் சிவப்பிரியாவின் பக்கத்தைத் தேடினார். போன கிழமை போட்ட படம்: நாலாம் நம்பர், இடைவரை செம்புத் தலைமயிரோடு. புதிதாய் நட்டதாம். படத்தைப் பெருப்பித்துக் காலைப் பார்த்தார். சப்பாத்துப் போட்டிருந்தது. ஏன் சப்பாத்து?

சனிக்கிழமை காலை கலாதேவி கோயிலுக்குப் போனதும் கேத்தலைப் போட்டார். கழுத்தைச் சுடுநீரில் பிடித்தால் ரப்பர் இளகும், தலை கழன்று வரும். எத்தனையோ பொம்மைக்குச் செய்தது. ஆனால் இந்தக் கழுத்தில் புதுப் பசை இருந்தது. அது இளகவில்லை. இன்னொரு கேத்தல் வைத்துப் பொறுத்திருக்கலாம். அவர் இழுத்தார். அலுமாரி தூக்கிப் பழகிய கை. ஒட்டின இடம் அப்படியே நின்றது. அதற்குப் பக்கத்தில், காதுவரை ரப்பர் கிழிந்தது.

உள்ளே, பென்சிலால், மங்கலாக: இரண்டு.

சுருட்டிய கடதாசித் துண்டு ஒன்று மேசையில் விழுந்தது. மேலே ஜெர்மனில் திகதியும் பசையின் பெயரும். கீழே, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமைகளில் மட்டும் போனவளின் கோணல் எழுத்து: "காலில் நாவூறு மை. எண்ணெய் மை ரப்பருக்குள் ஊறும். எடுத்துவிட்டேன். பதிலுக்கு உச்சியில் கறுப்பு நூல் முடிந்திருக்கிறேன்."

தலையைத் திருப்பி உள்ளே பார்த்தார். செம்பு மயிரின் வேர்களுக்கு நடுவில் கடுகளவில் ஒரு கறுப்பு முடிச்சு.

பின்னேர றெயினிலேயே டுசல்டோர்ஃபுக்குப் போனார். சப்பாத்துப் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை.

சிவப்பிரியா விளக்கைக் கிட்ட இழுத்துக் கிழிவை நெடுநேரம் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் தட்டில் நாலாம் நம்பர் நின்றது. அவர் அதன் காலைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"விழுந்ததோ அண்ணை?"

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. "இல்லைத் தங்கச்சி. நான்தான் இழுத்தனான். மாத்திப் போட்டீர் எண்டு நினைச்சன்."

அவள் பாவைப்பிள்ளையை மேசையில் கிடத்தினாள்.

"மையை எடுத்ததை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார், தன்னை விட்டுக் கொடுக்க மனமில்லாமல்.

"அக்கா ஆசையா வைச்ச பொட்டு. அழிச்சுப் போட்டன் எண்டு எந்த வாயால சொல்லுறது? அதுதான் நூல் முடிஞ்சனான்." கிழிவை விரலால் சேர்த்துப் பிடித்தாள். "ஒட்டலாம். ஆனால் இனி இது தழும்புதான். பாக்கிற எல்லாருக்கும் தெரியும்."

பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு பத்திரத்தை எடுத்தாள். திருத்தக் கொண்டுவரும் ஜெர்மன்காரருக்குக் கொடுக்கிற பத்திரம். பாவைப்பிள்ளையை முன்னால், பின்னால், பக்கவாட்டில், உள்ளே இருந்த எண்ணோடு, போனில் படம் எடுத்தாள். சேதத்தின் காரணம் என்ற வரியில் அவர் சொன்னதையே எழுதிப் பேனையை அவரிடம் நீட்டினாள். இராசலிங்கம் மெதுவாகக் கையெழுத்து வைத்தார்.

"இந்த முறை வேற அடையாளம் ஒண்டும் வைக்கேல்லைத்தானே, அண்ணை?"

"இல்லை."

அவள் தலையாட்டினாள். ஆனாலும் விளக்கை இன்னும் கொஞ்சம் இறக்கி, இரண்டு உள்ளங்கால்களையும், விரல் இடுக்குகளையும், காதுக்குப் பின்னாலும் ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் பார்த்து முடிக்கும்வரை இருந்தார்.