மருந்தறைச் சுவரின் சூடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த வாரம் என் பொறுப்பில் இருந்த மருந்தறைப் பக்கம் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. மருந்தறையின் சூடு இருபத்தைந்து டிகிரியைத் தாண்டக் கூடாது. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியோ ஐந்து நாளாக இருபத்தொன்பது, முப்பது என்று காட்டிக்கொண்டிருந்தது. ஏ.சி. மெக்கானிக்கை இரண்டு முறை வரவழைத்தேன். மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது என்று அவர் இரண்டு முறையும் சொன்னார். நான் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். காலையில் கதவைத் திறக்கும்போது மட்டும் இருபத்துமூன்று இருக்கும், பத்து மணிக்குமேல் விறுவிறுவென்று ஏறிவிடும். வெளியே வெயில் ஏறுவதால்தான் என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மதியம் டாக்டர் வந்து பார்த்தார். இத்தனை நாள் சூட்டில் கிடந்த மருந்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது, எல்லாவற்றையும் கட்டித் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் மேல் தட்டில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. பஸ் டிரைவர் ஒருவரின் ஆறு வயது மகளுக்கான வலிப்பு மருந்து. வேறு எதுவும் அந்தக் குழந்தைக்குக் கேட்கவில்லை. இரண்டு மாதம் காத்திருந்து, மூன்று நாளைக்கு முன்னால்தான் அது வந்து சேர்ந்தது. டிரைவர் அன்றுதான் லீவு கிடைத்து, அதை வாங்கிப்போக வெளியே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே மருந்துகளை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன். இருமல் மருந்துப் புட்டி ஒன்றைக் கையில் எடுத்தேன், ஜில்லென்று இருந்தது. முப்பது டிகிரியில் எப்படி ஜில்லென்று இருக்கும்? வெப்பமானியைப் போய்ப் பார்த்தேன். முப்பதுதான். அதைக் கழற்றிவிட்டு, ஆணியடித்த இடத்தில் கையை வைத்தேன். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி சுட்டது. சுவர் என்று பெயர்தான், உண்மையில் அது ஒற்றைப் பலகைத் தடுப்பு.

கூடத்துக்கு ஓடினேன். அதே இடத்தில், தடுப்பின் அந்தப் பக்கம், டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வரவேற்பில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புதுசு வாங்கியதும், பழைய பிளாஸ்மா டி.வி.யைப் போன திங்கட்கிழமை இங்கே கொண்டுவந்து மாட்டியிருந்தார். டாக்டர் எப்போது வருவார் என்று காத்திருப்பவர்கள் தன்னைப் பிடுங்கக் கூடாது என்பது அவர் கணக்கு. தினமும் பத்து மணிக்குப் போட்டால் ராத்திரிதான் அணைப்பார். அந்தப் பழைய ரகம் படம் காட்டுவதோடு நிற்காது, பக்கத்தில் இருப்பதையெல்லாம் காய்ச்சும். அக்காவைத் திட்ட வாயைத் திறந்தேன். அந்த இடத்தில் மாட்டச் சொன்னதே நான்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் பார்க்கலாம் என்று வெப்பமானியைத் தடுப்பில் அடித்த சோம்பேறியும் நானேதான்.

டி.வி.யை அணைக்கவில்லை. அது ஓட ஓடவே வெப்பமானியை மேல் தட்டில், அந்தச் சின்னப் பெட்டியின் பக்கத்தில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் தன் அறை வெப்பமானியையும் கொண்டுவந்து வைத்தார். கால் மணி நேரம் இரண்டையுமே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்று இருபத்துமூன்று காட்டியது, மற்றது இருபத்துமூன்றரை. ஒவ்வொரு தட்டாக மாற்றி வைத்துப் பார்த்தோம். எங்கேயும் இருபத்துநான்கைத் தாண்டவில்லை. சூடானது தடுப்பும் அதை ஒட்டியிருந்த வெப்பமானியும் மட்டும்தான்.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏம்மா, அஞ்சு நாளா டி.வி.க்கா காய்ச்சல் பாத்துட்டு இருந்தீங்க?"

எனக்குக் கோபமே வரவில்லை. சிரித்துவிட்டேன், கூடவே கண்ணிலும் தண்ணீர். மெக்கானிக்குக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன்.  நிஜமாக நீங்கள்தான் பேசுகிறீர்களா என்று அவர் கேட்டார்.

டிரைவரைக் கூப்பிட்டேன். உள்ளே நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. என் சிவந்த கண்ணைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. மருந்து வரவில்லையா என்று கேட்க வாயெடுத்தார்.

"வந்துடுச்சுண்ணா. நல்லா இருக்கு. இந்தாங்க."

அவர் பெட்டியை வாங்கி, மருந்தின் பேரைப் படித்துப் பார்த்தார். கவுண்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை விட்டார்.

"அவ தூங்கினா மூச்சு வருதான்னு பாத்துட்டே உக்காந்திருப்பேம்மா. இனிமே நானும் கொஞ்சம் படுக்கலாம்."