பெண் பார்க்க அனுப்பிய படம்

கரண்ட் நின்றால் குமாரபாளையத்துக்குக் காது கேட்கத் தொடங்கும். மற்ற நாளெல்லாம் விசைத்தறி போடுகிற சத்தத்தில் ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்கு விழாது. எண்பத்து மூன்றாம் வருஷத்தில் வாரத்துக்கு ஒரு நாள் தறிகளுக்குக் கரண்ட் கிடையாது. தறிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஊடை நூலைச் சின்னக் கட்டைகளில் தாராகச் சுற்றிக் கொடுக்கும் பெண்களுக்கோ வாராவாரம் தீபாவளி.

ராஜம்மாள், செல்லியம்மாள், ராமாத்தாள் மூவரும் ஒரே பட்டறை. கரண்ட் இல்லாத நாளில் ஆற்றுக்குத் துவைக்கப் போவதாகச் சொல்லிக் கூடையோடு கிளம்புவார்கள். கூடை போய்ச் சேருவது அருணகிரியின் போட்டோ ஸ்டுடியோப் பின்வாசலுக்கு. கூடைக்குள் இருப்பது ராஜம்மாளின் அண்ணன் சுவாமிநாதனின் பெல்பாட்டம், நாய்க்காது காலர் வைத்த சட்டை, யாரோ மறந்துவிட்டுப் போன கூலிங் கிளாஸ். ஊர்ப் பையன்கள் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு பவானிப் பாலத்தில் அலட்டினார்கள். அலட்டுவதற்கு அவர்களுக்கு மட்டும் பட்டா போட்டா கொடுத்திருக்கிறது?

அருணகிரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பிழைப்பு, கல்யாணப் படமும் சாவுப் படமும். "பொணத்தையும் பொண்ணையும் ஒரே மாதிரி உக்கார வெச்சு எடுத்து அலுத்துப் போச்சு அம்மிணி" என்பார். இந்த மூன்று பேரும் வந்தபிறகுதான் அவருக்கே தொழில் மேல் ஆசை வந்தது. ஊட்டி ஏரி வரைந்த திரையைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்துவார். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டிலிருந்து வெயில் இறங்கும். கேமராவிலிருந்து நீண்ட ரப்பர்க் குழாயின் நுனியில் ஒரு உருண்டை, அமுக்கினால் படம் விழும். அதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்.

"நில்லுங்க, மொறைங்க, கால் மேல கால் போடுங்க, உங்க இஷ்டம். எப்பத் தோணுதோ அப்ப அமுக்குங்க. நெகடிவ்ல நான் பென்சில் வெக்கமாட்டேன்."

பென்சில் என்பது லேசான பேச்சு இல்லை. நெகடிவில் ஊசிப் பென்சிலும் கத்தி முனையும் வைத்து அம்மைத் தழும்பை அழிப்பார், மூக்கைக் கூராக்குவார், சிடுமூஞ்சியைச் சிரிக்க வைப்பார். அந்தக் கைக்காகவே ஆற்றுக்கு அப்பாலிருந்தெல்லாம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். இந்த மூவர் படத்தில் மட்டும் அந்தக் கை படாது என்பது அவர் கொடுத்த வாக்கு. பேண்ட் பாக்கெட்டில் கை விட்டு, கேமராவை நேராகப் பார்த்துத் தானே அமுக்கிய படத்தை முதன்முதலில் பார்த்தபோது ராஜம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் இந்த மூஞ்சியை எங்கே வைத்திருந்தோம் என்று இருந்தது.

ஆடி கழிந்ததும் பள்ளிபாளையத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தத் தறி, அதுவும் வீட்டுக்குள்ளேயே.

"வெளிய வேலைக்கே போகவேண்டாம். வாசப்படி தாண்டாம தாரு சுத்திப்போட்டுக் குடித்தனம் பண்ணலாம். குடுத்து வெச்சவ" என்றாள் அம்மா கந்தம்மாள்.

ராஜம்மாள் அந்த வீட்டை நினைத்துப் பார்த்தாள். கரண்ட் நின்றாலும் அதே வீடு, அதே சுவர். செல்லியும் ராமாத்தாளும் வேறு ஊரில். அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் அது தறிச் சத்தத்தில் விழுந்த பேச்சாகவே போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் முதலில் படம் கேட்டார்கள். படம் பிடித்தால்தான் நேரில் வருவார்களாம். அப்படியானால் படம் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதானே என்று ராஜம்மாள் கணக்குப் போட்டாள்.

அம்மாவும் அண்ணனும் முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். பட்டுச்சேலை, தலை நிறையக் கதம்பம்.

"அண்ணா, நானே அமுக்கிக்கறேனுங்க" என்றாள் அருணகிரியிடம்.

"அடேயப்பா! போட்டோப் புடிக்கக்கூடப் படிச்சுட்டாளா?" என்று சுவாமிநாதன் சிரித்தான்.

அருணகிரி உருண்டையைக் கொடுத்தார். ராஜம்மாள் அந்த வாசற்படியை நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்தாள், கண்ணை நிமிர்த்தினாள், முகம் கல்லாகும்வரை பொறுத்திருந்து அமுக்கினாள். அருணகிரிக்குப் புரிந்துவிட்டது, தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வீடு திரும்பும்போது அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. இந்த மூஞ்சியைப் பார்த்து எவன் வருவான்!

அடுத்த கரண்ட் லீவுக்கு மூவரும் போனபோது அருணகிரி கூடையை வாங்கிக்கொள்ளவில்லை. மேஜையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அதே பட்டுச்சேலை, அதே கதம்பம். ஆனால் இமை தாழ்ந்திருந்தது, உதட்டோரம் இரண்டும் மேலே ஏறி ஒரு அடக்கமான சிரிப்பு.

"இது யாருங்கண்ணா?" என்றாள் ராஜம்மாள்.

"உங்கண்ணன் வந்து கத்துனாரு. எழவு ஊட்டுக்குப் போறவ மாதிரி இருக்குது, வேற நெகடிவ் இருக்குதான்னு பொட்டியத் தொறக்கப் போனாரு. நீங்க பேண்ட் போட்ட படமெல்லாம் அதுலதான் இருக்குது. அவரு பாத்திருந்தா உங்க மூணு பேரையும் ஊட்டுல வெட்டிப் போட்டிருப்பாங்க சாமி. என் கடையக் கொளுத்தியிருப்பாங்க. நானே பென்சில் வெச்சுச் சரிபண்ணித் தாரேன்னு சொல்லி அனுப்பினேன். ஒரு படத்தக் குடுத்து மத்ததக் காப்பாத்திப்போட்டேன்."

"எம் மூஞ்சியக் குடுக்கறதுக்கு எங்கிட்டக் கேக்கோணும்னு தோணலீங்களா?"

அருணகிரி கண்ணாடி ஓட்டைப் பார்த்தார். அவர் மேல் கோபப்படக்கூட அவளால் முழுசாக முடியவில்லை. அவர் சொன்னது நிஜம். செல்லியம்மாள்தான் கேட்டாள், "அது பள்ளிபாளையம் போயிருச்சுங்களா?"

"இதே மாதிரி ஒரு பிரிண்ட் நேத்தே போயிருச்சு."

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா பூவும் பழமுமாக வந்து இறங்கினாள். நல்ல மனுஷிதான். வாய் நிறையப் பேசினாள், ராஜம்மாளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக் கன்னத்தைத் தடவினாள்.

"படத்தப் பாத்ததுமே முடிவு பண்ணிட்டனுங்க. ஊட்டுக்குள்ளயே கெடக்கப்போற புள்ள, சிரிச்ச மூஞ்சியா இருந்தாத்தான் ஊடு வெளங்கும். எங்க கண்ணு, படத்துல சிரிச்சியே, அதாட்டச் சிரி பாக்கலாம்."

அம்மா பார்த்தாள். அண்ணன் பார்த்தான். அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று ராஜம்மாளுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. இமையைத் தாழ்த்தி, உதட்டின் இரண்டு ஓரத்தையும் மேலே இழுத்துப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம்" என்றாள் அந்த அம்மாள்.