இடப்பக்கம் இழுக்குது

பிரான்சுவா மறுபடியும் வண்டியைக் கொண்டுவந்து என் பட்டறை வாசலில் நிறுத்தியபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. இறங்குவதற்கு முன்பே பழைய பாட்டைத் தொடங்கிவிட்டான்.

"ஜலாலு, இன்னும் இடது பக்கம்தான்டா இழுக்குது. நீ என்னாத்தப் பாத்த?"

என்னாத்தப் பார்த்தேனா? காற்று பார்த்தேன். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பிரேக் எங்கேயாவது பிடிக்கிறதா என்று பார்த்தேன். மூலக்குளத்தில் அலைன்மென்ட் பார்க்கிற கடைக்கும் அனுப்பினேன், எல்லாம் சரி என்றார்கள். நானே ஓட்டியும் பார்த்தாயிற்று. கியர் போடும் வேலைகூட இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி, ஸ்டியரிங்கை விட்டால் கோடு போட்டது மாதிரி நேராகப் போகிறது.

வேறு ஆளாக இருந்தால், முத்தியால்பேட்டையில் மெக்கானிக்குக்கா பஞ்சம், போய்ச் சேர் என்று சொல்லியிருப்பேன். இவனிடம் முடியாது. இவன் மகள் ஜாஸ்லினுக்கு வருகிற சனிக்கிழமை கல்யாணம். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணை மாதா கோயிலுக்கு அப்பன்தான் தன் கையால் வண்டி ஓட்டிக் கூட்டிப்போக வேண்டும். இவன் அக்காவை இவன் அப்பா ஒரு வாடகைக் காரில் அப்படித்தான் கூட்டிப்போனாராம். இவனோ காலேஜ் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன், கேட்கவா வேண்டும். ஜாஸ்லின் தொட்டிலில் கிடக்கும்போதே இந்தக் கதையைச் சொல்லி என் காதை அறுத்தவன். இழுக்கிற வண்டியில் பெண்ணை ஏற்ற மாட்டேன், வேறு வண்டியும் தொட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"வா, நீயே ஓட்டிக் காட்டு. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்" என்றேன்.

ஊருக்குள் டூ வீலர் தொல்லை. அதனால் தவளக்குப்பம் வரைக்கும் நான் ஓட்டினேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். "ரிட்டையர் ஆனவன் வீட்ல டிவி பாருடா. என் உசுர ஏன் வாங்கற?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அங்கே மனை பிரித்துப் போட்ட இடத்தில் நீளமாக ஒரு தார் ரோடு இருக்கிறது. வீடு ஒன்றும் வரவில்லை, ஆள் நடமாட்டமும் கிடையாது. அதில் நிறுத்தி இடம் மாறினோம்.

அவன் எடுத்தான். கொஞ்ச தூரம் போனதும் வண்டி மெல்ல மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது.

"பாத்தியா? நான் சொன்னா நம்புனியா?" என்றான் சந்தோஷமாக.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே வண்டிதான், சற்றுமுன் என் கையில் ஒழுங்காக வந்த வண்டி. "சரி, மெதுவாப் போ. ரெண்டு கையையும் விடு" என்றேன்.

"விட்டுட்டேன்."

வலது கை மடிக்கு வந்துவிட்டிருந்தது. இடது கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. விரல்கள் மடங்கி மாட்டிக்கொள்ள, கையின் கனம் முழுக்க அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இடது கைய எடுடா."

"எடுத்துட்டேன்னு சொல்றேன்ல." ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். அவன் விளையாடவில்லை.

பிரேக் போடச் சொன்னேன். வண்டி நின்றதும் அந்தக் கையைப் பிடித்து அழுத்திக் கிள்ளினேன். அவன் பாட்டுக்கு எதிரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குனிஞ்சு பாரு, பிரான்சுவா."

பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு வலது கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்போ வண்டில ஒண்ணும் இல்லியா?"

"இல்லடா."

"சனிக்கிழமை..." என்று தொடங்கியவன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

அவனை இந்தப் பக்கம் உட்காரவைத்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அங்கே அவனைச் சேர்த்துவிட்டு அவன் மனைவி ஸ்டெல்லாமேரிக்குப் போன் போட்டேன். அவள் "சொல்லுண்ணா" என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

லேசான பக்கவாதம், வந்து சில வாரம்கூட ஆகியிருக்கலாம், அவருக்கே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். ஸ்டியரிங்கை இனி தொடக் கூடாது என்றும் சொன்னார். கல்யாணத்துக்கு மட்டும் அரை நாள் வெளியே விட்டார்கள்.

சனிக்கிழமை நான்தான் ஓட்டினேன். வண்டியைக் கழுவித் துடைத்து, முன்னால் பூ கட்டியிருந்தேன். ஸ்டெல்லாமேரி சொந்தக்காரர்களோடு முன்னாலேயே போய்விட்டாள். பின்சீட்டில் பிரான்சுவா கோட்டு போட்டு வலது ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இடப்பக்கம் வெள்ளைப் புடவையில் ஜாஸ்லின். வண்டி ஒரு நூல் பிசகாமல் நேராகப் போனது. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஒரு டயராவது, ஒரு பிரேக்காவது கெட்டுத் தொலைந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

கோயில் தெருவில் திரும்பும்போது, "ஜாஸ்லின், பப்பா கையக் கொஞ்சம் புடிச்சிக்கம்மா" என்றான்.

நான் கண்ணாடியில் பார்த்தேன். வீட்டில் ஏறியதிலிருந்தே அவள் அவனுடைய இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்திருந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அந்தக் கையை மெதுவாக அவன் மடியில் வைத்துவிட்டு, எட்டி அவன் வலது கையைப் பிடித்தாள்.

"புடிச்சிட்டேன் பப்பா" என்றாள்.

நான் வண்டியை இன்னும் மெதுவாக்கிக் கோயில் வாசலுக்கு ஓட்டினேன்.