பயனிலை வராத வாக்கியம்

“ஒரே ஒரு சொல்லுய்யா! ‘கொடுத்தேன்’னு முடிச்சுத் தொலையேன், வாயில என்ன பசையா?” என்று விருந்தாளிகள் முன்னாலேயே புருல்கான் கத்தினாள். அவள் கணவர் சாதிர்குல் கையில் தேநீர்க் கிண்ணத்துடன், “தற்போது நிலவும் சூழலின் பின்னணியில், கூட்டுப்பொறுப்பின் ஒட்டுமொத்த உயர்வை முன்னிட்டு,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக அதே வாக்கியம்தான். இன்னும் முடியவில்லை.

கொச்கோர் ஆட்டுப் பண்ணையின் கட்சிக் கூட்டத்தில் அதைத் தொடங்கினார். மேலிடத்திலிருந்து நான்கு கட்டுச் சீட்டுகள் வந்திருந்தன, சீட்டுக்கு ஒரு சொற்றொடர். கட்டுக்கு ஒன்றாக எடுத்து வாசித்தால் உரை தயார்; எதை எதோடு சேர்த்தாலும் ஒட்டும், அர்த்தம் கேட்க எவனுக்கும் துணிச்சல் வராது. நாலாவது கட்டிலிருந்து மறுபடி முதல் கட்டுக்குப் போகலாம் என்பது சாதிர்குலின் சொந்தக் கெட்டிக்காரத்தனம். பயனிலை மட்டும் எந்தக் கட்டிலும் இல்லை. எங்கள் பேச்சிலோ அது கடைசியில்தான் வரும். கூட்டம் கலைந்தது, பண்ணைத் தலைவர்கள் மாறினார்கள், இவர் தூக்கத்திலும் ‘முன்னிட்டு’ என்றார். பதக்கம் கொடுத்தார்கள்.

பதக்கம் பெண்ணைக் கட்டிக்கொள்ளுமா? மகள் பெர்மெத்துக்கு முப்பதாகிவிட்டது. அப்பன் வாயால் ‘கொடுத்தேன்’ என்று வராமல் எங்களில் யாரும் பெண்ணை அழைத்துப்போவதில்லை. முன்பு வந்த இரண்டு வரன்களும் ஆட்டுக்கறி தின்று, காத்திருந்து, கொட்டாவி விட்டுப் போய்விட்டன. இது மூன்றாவது: கணவாய்க்கு அப்பால் நாரின் ஊர்ப் பக்கத்து டிராக்டர் ஓட்டி இமாஷ். இவனை பெர்மெத்துக்குப் பிடித்தும் இருந்தது. திரைக்குப் பின்னால் நின்று துணியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆசி வாங்க எல்லோரும் உள்ளங்கைகளை விரித்திருந்தார்கள். சொல்லி முடியும்வரை மடக்கக் கூடாது. தட்டில் கொழுப்பு உறைந்தது.

“சம்பந்தி, கை மரத்துப்போச்சு. பொண்ணு உண்டா, இல்லையா?” என்றார் இமாஷின் பெரியப்பா.

“ஆக்கபூர்வமான அணுகுமுறைகளின் அடிப்படையில்,” என்றார் சாதிர்குல். கண்ணிலிருந்து நீர் தாடிக்கு இறங்கியது, வாய் நிற்கவில்லை.

பெரியப்பா எழ முழங்காலை ஊன்றினார். சாதிர்குல் மூச்சு வாங்கிய இடைவெளியில் திரைக்குள்ளிருந்து, “என் மகளைக் கொடுத்தேன்!” என்று பெர்மெத் அலறினாள்.

அப்படியொரு வெட்கங்கெட்ட மணப்பெண்ணை நாங்கள் பார்த்ததில்லை; அவ்வளவு சரியான இலக்கணத்தையும்தான். “ஓமின், அப்படியே ஆகட்டும்!” என்று எல்லோரும் விரித்த கையால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். சாதிர்குல் வாயை மூடினார். ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, “மேலும்,” என்று அடுத்ததைத் தொடங்கினார். யாரும் ஆச்சரியப்படவில்லை.

பெர்மெத் இமாஷோடு நாரினுக்குப் போனாள். இலை உதிர்வதற்குள் புருல்கானும் மூட்டை கட்டி, மகள் வீட்டோடு இருக்க லாரியில் ஏறிவிட்டாள். ‘போகாதே’ என்று சொல்லத்தான் சாதிர்குல் வாசல்வரை ஓடி வந்தார். அதுவும் கடைசியில் வரவேண்டிய சொல். லாரி கணவாயைத் தாண்டிவிட்டது. அவர் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.