இரும்புச்சட்டி கவிழ்ந்த கதை

எண்பத்தொன்றாம் வருஷம் திருச்சி பாலக்கரைப் பையன்கள் மூன்று பேர் ‘இரும்புச்சட்டி’ என்று ஒரு பாட்டுக் குழு ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவனான கலீலின் மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் வெள்ளைக்காரப் பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். “இவ்வளவுதானா? இதுகூடவா நமக்கு வராது?” என்றான் இன்னாசிராஜ். அவனுக்கு நன்றாகக் கத்த வரும். அமிர்தராஜ் கிதாரைப் பிறாண்டுவான். கலீல் டிரம்ஸை அடிக்க மாட்டான், சாத்துவான்.

பாட்டா அது? ரேஷன் க்யூ, கரண்ட் கட், வேலையில்லாத பட்டதாரி என்று எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தார்கள். ஆனாலும் காலேஜ் விழாவில் பையன்கள் பெஞ்சு மேல் ஏறி ஆடினார்கள். மணப்பாறை, துறையூர் என்று அழைப்பு வந்தது. இன்னாசிராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கிறிஸ்தவ வீடுகளில் மேளதாளம் கிடையாது. மறு வருஷம் அதன் கடைசி வாரமான புனித வாரத்தில் ஸ்ரீரங்கத்து மன்றம் ஒன்று கூப்பிட்டதும், சும்மா கிடந்தவர்கள் யோசிக்காமல் ஒத்துக்கொண்டார்கள். மெட்ராஸ் ரெக்கார்டு கம்பெனி ஆள் வேறு வருகிறாராம். புதுசாக ஒரு சத்தம் வேண்டுமே!

இன்னாசிராஜின் அப்பா அற்புதசாமிக்குக் கோயில்பிள்ளை வேலை. மாதா கோயிலில் மணி அடிப்பது அவர்தான். பெரிய வியாழன் பூசையில் மணிகள் ஓய்ந்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் ஒரு மரக்கட்டையைத்தான் தட்டுவார். தட்டினால் நெஞ்சில் அறையும். மகன் அதைச் சொல்லாமல் எடுத்துப் போனான்.

புதன்கிழமை மேடையில் கலீல் சாத்திய சாத்தில் கட்டை இரண்டாகப் பிளந்தது. கூட்டம் கைதட்டியது. மெட்ராஸ்காரர் அதற்கு முன்பே எழுந்து போயிருந்தார். பிளந்த கட்டையைச் சேர்த்துக் கட்டி, சத்தமில்லாமல் அலமாரியில் வைத்தான் பாவி.

வியாழன் பூசையில் கட்டை தட்ட வேண்டிய நேரம். அற்புதசாமி எடுத்தார், கையோடு பிரிந்து வந்தது. வேறு வழி தெரியாமல் இரண்டு கைகளையும் தட்டினார். சின்னப் பிள்ளைகள் சிரித்தன.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் விசாரித்தார்.

“நான்தான் சாமி, கைதவறிப் போட்டுட்டேன்” என்றார் அற்புதசாமி.

“உங்களுக்கும் வயசாயிடுச்சு. இனிமே மணி அடிக்கிறத அந்தப் பையன் அடைக்கலராஜ் பாத்துக்கட்டும். நீங்க நிம்மதியா பூசை பாருங்க” என்றார் சாமியார், கனிவாகத்தான்.

வெளியே வந்ததும் இன்னாசிராஜ் அழுதான். “நான்தான் உடைச்சேன்னு போய்ச் சொல்லிடறேன்ப்பா.”

“வேணாம்டா. கட்டைய உடைச்சவன்னு எனக்குப் பேரு வந்தா வரட்டும். பெரிய வியாழனும் அதுவுமா, சாமியார்கிட்ட பொய் சொன்னவன்னு என்னைய ஆக்கிடாத.”

சனிக்கிழமை ஒத்திகையில் இன்னாசிராஜுக்குத் தொண்டையில் சத்தமே எழும்பவில்லை. “இப்படியே நின்னா எப்படிடா?” என்று கலீல் குச்சிகளை வீசிவிட்டுப் போனான். அமிர்தராஜ் கிதாரை உறையில் போட்டான். அதற்கப்புறம் அவர்கள் ஒன்றாகச் சேரவே இல்லை.

ஈஸ்டர் காலை. அற்புதசாமி சலவை வேட்டியோடு மகன் பக்கத்தில் நின்றார். அடைக்கலராஜ் கயிற்றை இழுத்தான், மணி முழங்கியது. அற்புதசாமியின் வலது கை தன்னால் மேலே போய், வெறுங்காற்றைப் பிடித்துக் கீழே இழுத்தது. மகன் பார்ப்பதைக் கண்டதும், அந்தக் கையாலேயே அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.